கைக்குழந்தையோடு சினிமாவுக்கு: செட்டிநாட்டுப் புதுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் சினிமாவுக்குப் போவது பற்றிக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. பிள்ளை வளர்த்தவள், கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்ப்பதை மிகவும் விரும்புகிறவள். உடல்நலம் தொடர்பானவற்றில் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதே முடிவு.

கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். கைக்குழந்தைக்குச் சினிமா எந்த வகையிலும் தேவைப்படுவதில்லை. பெற்றவளுக்குத் தேவைப்படுகிறது. ஆகவே அவள் போவதற்கு வழி பார்க்க வேண்டும். அதனால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வராமலும் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. படம் பார்க்க ஆசையாக இருக்கிறது. இது தவறா?

தவறே இல்லை. பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பூண்டுக் குழம்பு, பத்தியச் சோறு, காதில் பஞ்சு, தலையில் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால். இரவென்றும் பகலென்றும் பிரித்துச் சொல்ல முடியாத தூக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். 'நீ எப்படி இருக்கிறாய்' என்று அவளைக் கேட்பவர் அரிது. கணவர் இரண்டாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிடுகிறார், மாலையில் நண்பர்களோடு தேநீர்க் கடைக்குப் போய் வருகிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இவள் மூன்று மணி நேரம் வெளியே போக வேண்டும் என்றால் மட்டும் வீடே கூடிப் பேசுகிறது.

இருட்டில் உட்கார்ந்து வேறு யாருடைய கதையையோ பார்த்துச் சிரித்து, அழுது, பாட்டுக் கேட்டுத் திரும்பி வருவது மனத்துக்குப் பெரிய ஓய்வு. அதை ஆடம்பரம் என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. படம் பார்க்கும் ஆசைகூட வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டே இருந்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சாதாரணச் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எத்தனை மாதக் குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாம்?

முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அப்படிப்பட்ட உடம்பை, அடைத்த ஏசி அரங்கில், நூற்றுக்கணக்கானவர்களின் இருமலுக்கும் தும்மலுக்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் முக்கியமான ஊசிகள் முடிந்துவிடும். அது முடிந்த பிறகு யோசிக்கலாம். ஆனால் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடியும்போதுதான் போடப்படுகிறது. தட்டம்மைக் கிருமி, நோயுள்ளவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் நிற்கக்கூடியது. முந்தைய காட்சியில் உட்கார்ந்திருந்தவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அவர் இருமிய காற்று அங்கேயே இருக்கும். ஊரில் அம்மை என்று காதில் விழுந்தால், 9 மாத ஊசி போடாத குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டு போகாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கே வேறு, மருத்துவரைக் கேளுங்கள்.

பழகுவதற்கு எளிய காலம் நாலு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை. குழந்தை தவழத் தொடங்கியிருக்காது, பால் குடித்தால் தூங்கிவிடும், மடியே அதற்குப் போதும். எட்டாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை மிகவும் கடினம். இறக்கிவிடச் சொல்லித் திமிறும், முன் இருக்கைக்காரரின் பின்னலைப் பிடித்து இழுக்கும். அந்த வயதில் வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

நோயைவிடச் சத்தம்தான் ஆபத்து என்கிறார்களே. உண்மையா?

இரண்டுமே ஆபத்துதான். ஆனால் நோய்க்குப் பயப்படுகிற நாம் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை என்பதால் இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

வளவில் (வீட்டின் நடுமுற்றப் பகுதியில்) உட்கார்ந்து நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபெல். சத்தமுள்ள இடத்தில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் வெறும் 15 நிமிடம். இது வளர்ந்த மனிதர்களுக்கான கணக்கு. திரையரங்க ஒலியமைப்புக்கான தொழில்முறை அளவுகோலோ, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபெல் வரை போக இடம் கொடுத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. படம் முழுக்க அவ்வளவு சத்தம் இருக்காது. வசனக் காட்சிகள் அமைதியாகவே போகும். கதாநாயகன் அறிமுகம், சண்டை, வெடி, இடைவேளைக்கு முந்தைய காட்சி ஆகியவைதான் ஏறுகிற இடங்கள். சில அரங்குகளில் ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று வேண்டுமென்றே கூட்டியும் வைக்கிறார்கள்.

குழந்தையின் காதுக்குழல் நம்முடையதைவிட மிகச் சிறியது. அதனால் அதே சத்தம் அதன் செவிப்பறையில் கூடுதல் அழுத்தத்தோடு விழுகிறது. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் ஒரு முறை செத்துவிட்டால் மறுபடி முளைப்பதில்லை. 'இன்று சத்தம் அதிகம், காது வலிக்கிறது' என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை.

சத்தம் குழந்தையை என்ன செய்கிறது என்பதை மடியில் வைத்திருப்பவர் கண்ணால் பார்க்கலாம். வெடிச்சத்தம் வந்த நொடியில் இரண்டு கைகளும் தோளிலிருந்து விரிந்து வெளியே போகும், பத்து விரலும் பிரிந்து நிற்கும், பிறகு கைகள் மெல்ல நெஞ்சுக்குத் திரும்பும், உதடு பிதுங்கும், அதற்கப்புறம்தான் அழுகை. இதை 'மோரோ' அனிச்சை என்பார்கள். பிறந்ததிலிருந்து நாலைந்து மாதம் வரை இருக்கும். தூக்கத்திலேயே அப்படி உதறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து 'நன்றாகத் தூங்குகிறது' என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. தூங்குகிற காதும் கேட்கிற காதுதான்.

அதனால் என் முடிவு இது. குழந்தைகளுக்கான காது மறைப்பான் இல்லையென்றால் அழைத்துப் போக வேண்டாம். தலையைச் சுற்றி மெத்தென்ற பட்டையோடு, இரண்டு காதையும் முழுக்க மூடும் கிண்ணம் வைத்து, கைக்குழந்தைக்கென்றே விற்கிறார்கள். ஒலியை 20 டெசிபெல்லுக்கு மேல் குறைப்பதாக உறையில் போட்டிருக்கும். சரியாகப் பொருந்தாவிட்டால் அதில் பாதிகூடக் குறையாது, அடிவயிற்றில் அதிர்கிற தாழ்ந்த ஒலியை எந்த மறைப்பானும் முழுவதும் தடுக்காது. ஆகவே மறைப்பான் இருக்கிறதே என்று ஸ்பீக்கருக்குக் கீழே போய் உட்காராதீர்கள். வாங்கிய அன்றே கொட்டகைக்குப் போகாமல், வீட்டில் நாலைந்து நாள் சிறிது நேரம் போட்டுப் பழக்குங்கள். கழற்றியதும் தோலில் சிவந்த தடம் ஆழமாக இருந்தால் பட்டை இறுக்கம். பிடுங்கி எறிகிற குழந்தை என்றால் கேள்வியே இல்லை, வீட்டில் இருக்கட்டும்.

காதில் பஞ்சு வைத்தால் போதாதா? ஆயா (அம்மாவின் அம்மா) அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சு வைப்பது நம் வீடுகளில் இருக்கும் வழக்கம். அந்தப் பழக்கத்தில் அன்போடு சொல்கிறார்கள். ஆனால் பஞ்சு சத்தத்தை மிகக் கொஞ்சமே குறைக்கும். குழந்தையின் சின்னக் காதுக்குள் அது நழுவிப் போகலாம், வெளியே விழுந்தால் வாய்க்குள்ளும் போகலாம். காதுக்குள் செருகும் எதுவும் கைக்குழந்தைக்கு ஆகாது. எண்ணெய் விடுவதும் அப்படியே.

எந்தப் படம், எந்தக் காட்சி நல்லது?

படம் வெளியாகி இரண்டாவது வாரம், திங்கள் முதல் வியாழனுக்குள், பகல் காட்சி. இதைவிட நல்ல நேரம் கிடையாது. அரங்கில் பாதி காலியாக இருக்கும், விசில் இருக்காது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் யாருடைய காலையும் மிதிக்க வேண்டியதில்லை. முதல் நாள் காட்சியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பட்டாசு, தாளக்கட்டு, காகிதமழை எல்லாம் ரசிகர்களின் திருவிழா. அங்கே கைக்குழந்தைக்கு இடமில்லை.

சண்டைப் படத்தையும் பேய்ப் படத்தையும் விடுங்கள். குடும்பக் கதை, நகைச்சுவை, பாட்டுள்ள காதல் கதை ஆகியவற்றில் ஒலி சீராகப் போகும். போவதற்கு முன்னால், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவரிடம் 'சத்தமான இடம் எங்கெங்கே வருகிறது' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லாமலே அதைச் சொல்ல முடியும். நான் எப்போதும் இப்படித்தான் கேட்டுவிட்டுப் போவேன்.

தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். 2024இல் வந்த புதிய விதிகளின்படி 'யு/ஏ' சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பது இதன் பொருள். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். 'கைக்குழந்தைதானே, இதற்கு என்ன புரியப் போகிறது' என்று வாசலில் வாதாட வேண்டாம். அந்தப் படங்கள் பெரும்பாலும் சத்தத்திலும் கடுமையானவை.

எங்கே உட்காருவது?

வரிசையின் ஓரம், வெளியேறும் கதவுக்குப் பக்கம். முன்வரிசை கூடாது. கடைசி வரிசை பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள், கடைசி வரிசையில் அது தலைக்கு மேலேயே இருக்கும். விளக்கு அணைவதற்கு முன் அண்ணாந்து சுவரைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் எதற்கும் நேர் கீழாக இல்லாத ஓர இருக்கையில் உட்காருங்கள். ஏசிக் காற்று நேரே இறங்கும் இடமும் வேண்டாம். குழந்தையின் முகம் உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும்.

திரையைப் பார்த்தால் குழந்தையின் கண் கெட்டுவிடுமா?

ஒரு படத்தால் கண் கெடாது. ஆனால் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதையே சொல்லியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு, பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். திரை உங்களுக்கு.

கொட்டகைக்குள் பால் கொடுக்கலாமா? புட்டிப்பால் என்றால்?

தாய்ப்பால் கொடுக்கத் தாராளமாக உட்காரலாம், இருட்டு நமக்கு உதவி. முந்தானையால் முகத்தை முழுவதும் மூடிவிடாதீர்கள்; மூக்கு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சங்கில் பால் புகட்டுவதாக இருந்தால் இருட்டில் வேண்டாம், புரையேறிவிடும். வெளி வராந்தாவில் வெளிச்சத்தில் உட்கார்ந்து புகட்டுங்கள்.

மாவுப்பால் என்றால், மாவையும் கொதித்து ஆறிய வெந்நீரையும் தனித்தனியாக எடுத்துப்போய் அங்கே கலக்குங்கள். கலந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தை வாய் வைத்த பிறகு மீதியை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். வெளி உணவுக்குத் தடை உள்ள அரங்குகளில் வாசலிலேயே குழந்தைக்கான பால் என்று சொல்லிவிடுங்கள்.

2015இலிருந்து தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கியதும் அங்கே ஒரு தடவை பால் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வரலாம். வயிறு நிறைந்த குழந்தை இடைவேளை வரை தாங்கும்.

பையில் என்னென்ன வேண்டும்?

டயபர் இரண்டு, பழைய வேட்டித் துணி மூன்று நாலு, ஒரு மாற்றுச் சட்டை, குல்லா, கம்பளி இல்லாத மெல்லிய போர்வை, அழுக்குத் துணிக்கு ஒரு பை, காது மறைப்பான். இது போதும். கிலுகிலுப்பை வேண்டாம். பெரிய பிள்ளை கூட வந்தால் அதன் கையில் பாப்கார்ன் கொடுத்துக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். நாலு வயதுக்குள் பாப்கார்ன் தொண்டையில் சிக்கும் பொருள். தேன்குழலும் அப்படியே.

அறுவைசிகிச்சைப் பிரசவம். மூன்று மணி நேரம் உட்கார முடியுமா?

ஆறு வாரப் பரிசோதனை முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு போகலாம். முதுகுக்குச் சிறிய தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் கட்டாயம் எழுந்து நடங்கள். தமிழ்ப் படத்தில் இடைவேளை என்ற ஒன்று இருப்பது பெற்றவளுக்குக் கிடைத்த வரம். துணி மாற்ற, பால் கொடுக்க, தண்ணீர் குடிக்க, 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்று முடிவெடுக்க, எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

குழந்தை அழுதால் யார் எழுந்து போவது?

அப்பா.

இதைப் பற்றி எனக்கு வேறு கருத்து கிடையாது. பசி அழுகை என்றால் தாய் பார்க்க வேண்டும், சரி. மற்ற எல்லா அழுகைக்கும் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போகட்டும். இந்தப் படம் அவளுக்காகத்தானே? ஆனால் எல்லாக் கொட்டகையிலும் நான் பார்ப்பது என்ன? குழந்தை முனகியதும் தாய் செருப்பைத் தேடிக் காலால் துழாவுகிறாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்காலை மட்டும் ஒதுக்கி வழிவிடுகிறார். கதவுக்கு வெளியே அவள் தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அவள் சிரிக்க வேண்டிய இடம் அது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். ஓர இருக்கையில் அப்பா உட்காரட்டும். முதல் முனகலுக்கே எழுந்துவிட வேண்டும்; அழுகை ஏறிய பிறகு எழுந்தால் குழந்தைக்கும் துன்பம், அரங்குக்கும் தொல்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் திட்டினால்?

முதல் முனகலுக்கே எழுந்து போகிறவர்களை யாரும் திட்டுவதில்லை. காசு கொடுத்து வந்தவர்களுக்குப் படத்தைக் கேட்கிற உரிமை உண்டு, அதை நாம் மதிக்க வேண்டும். மதித்த பிறகும் ஒருவர் சீறினால் பதில் பேசாமல் இடம் மாறிக்கொள்ளுங்கள். பகல் காட்சியில் காலி இருக்கைக்குப் பஞ்சமில்லை. நம் பக்கத்து ஆச்சிமார் யாராவது அருகில் இருந்தால் 'கொடு, நான் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன்' என்று கை நீட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா?

மடியில் இருக்கும் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. பல அரங்குகளில் மூன்று வயதிலிருந்து டிக்கெட். அரங்குக்கு அரங்கு மாறும் என்பதால், இணையத்தில் பதிவுசெய்யும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு பைக்கில் போய் வரலாமா?

கைக்குழந்தையோடு வேண்டாம். இரு சக்கர வண்டியில் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றிச் செல்லப் பாதுகாப்புக் கச்சையும், 9 மாதம் முதல் 4 வயது வரை தலைக்கவசமும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் வேண்டும் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. 9 மாதத்துக்குக் கீழே தலைக்கவசமே இல்லை. கழுத்து அதைத் தாங்காது. திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, மடியில் ஒரு கையும் பிடிகம்பியில் ஒரு கையுமாகத் தாய் உட்கார்ந்து வருவதைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது. பஸ்ஸில் வாருங்கள், அல்லது வாடகைக் கார். காரை வெயிலில் நிறுத்தியிருந்தால் கதவைத் திறந்துவைத்துச் சூடு ஆறிய பிறகு குழந்தையை ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் என்றாலும் குழந்தையைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டிக்கெட் எடுக்கப் போகாதீர்கள்.

வீட்டில் விட்டுவிட்டுப் போனால் மனது கேட்குமா? சொந்தக்காரர்கள் பேசமாட்டார்களா?

என்னைக் கேட்டால், நம் ஊரில் முதல் வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும். பெருநகரத்தில் தனிக்குடித்தனம் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு இருக்கிறது: ஆயா, அப்பத்தா, ஐயா, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி. பட்டாலையில் பாயை விரித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் குழந்தைக்கு அதைவிடப் பெரிய படம் ஏது? இரண்டாங்கட்டு உத்தரத்தில் பழைய சேலைத் தூளி கட்டி, ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் ஆயா தாலாட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. தூளி அருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் வயிறு நிறையப் பால் கொடுங்கள். கறந்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நாலு மணி நேரம் கெடாது. நம் ஊர்க் கோடையில் அறை அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதில்லை என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், நாலு நாள் வரை இருக்கும். எடுத்த பாலைக் கொதிக்கவைக்காமல், கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிச் சங்கில் புகட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதை அப்பத்தாவிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது.

உங்கள் ஊர்க் கொட்டகை வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இடைவேளையில் ஒரு தொலைபேசி போதும். மார்பில் பால் கட்டிக் கசிந்தால் என்று மாற்றுத் துணி வைத்துக்கொள்ளுங்கள். அதை நினைத்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். மாமியாரே 'நீ போய் வா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். இதைப் படிக்கிற மாமியார்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். மருமகள் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

பாதியில் எழுந்து வந்துவிட்டோம். மீதிப் படம்?

பெரும்பாலான தமிழ்ப் படங்கள் சில வாரங்களிலேயே ஓடிடியில் வந்துவிடுகின்றன. அப்போது பாருங்கள். குழந்தை சிணுங்கும்போது 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சத்தம் உச்சத்துக்குப் போகும்.

நம் ஊர்த் திரையரங்குகளில் தாய்மாருக்கென்று ஏதாவது செய்யச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். கேட்காமல் எதுவும் வராது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி, நிளா, ஸ்ரீ அரங்க வளாகத்தில் 2022இல் ஓர் அழும் அறை அமைத்தார்கள். சத்தம் வெளியே போகாத கண்ணாடி அறை, உள்ளே தொட்டில், துணி மாற்ற மேசை. குழந்தையை வைத்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்க்கலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் கைக்குழந்தைக் காட்சி என்றே தனியாக ஒன்று உண்டு. விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து வைத்து, பெற்றோருக்கு மட்டும் டிக்கெட் கொடுக்கிறார்கள். அங்கே எந்தக் குழந்தை அழுதாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏவிஎம் நிறுவனர் ஏ.வி. மெய்யப்பன் 1940களில் காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்துப் படம் எடுத்த ஊர் நம்முடையது. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனையோ படப்பிடிப்புகளுக்கு நம் வீடுகளின் முகப்பையும் வளவையும் திறந்து கொடுத்திருக்கிறோம். சினிமாவுக்கு இவ்வளவு கொடுத்த ஊரின் பெண்கள், வாரத்தில் ஒரு பகல் காட்சியை ஒலி குறைத்துப் போடச் சொல்வது பெரிய வேண்டுகோள் இல்லை. கண்ணாடி அறை கட்டப் பணம் வேண்டும். ஒலியைக் குறைக்கப் பணம் வேண்டாம். ஆபரேட்டர் அறையில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

தனி ஆளாகக் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் தெருவில், தடுப்பூசி போடப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சந்திக்கிற தாய்மாரிடம் பேசிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இருபது பேர் சேர்ந்ததும் மேலாளரைப் பார்த்து, புதன் அல்லது வியாழன் பகல் காட்சிக்கு இத்தனை டிக்கெட் நாங்களே எடுக்கிறோம், ஒலியைக் குறைத்து, ஓரத்து விளக்கை எரியவிடுங்கள் என்று கேளுங்கள். வார நாளில் காலியாகக் கிடக்கும் அரங்குக்கு இருபது டிக்கெட் என்பது வேண்டாம் என்று சொல்லக்கூடிய கணக்கு இல்லை.